கோடிக்கரையின் வெளிமான்கள்

சோழ நாட்டுக் கடற்கரை வடக்கேயிருந்து தெற்கு நோக்கி நேராக வந்து கொண்டேயிருக்கிறது. ஓரிடத்தை அடைந்ததும், ஏதோ மறந்ததை நினைத்துக் கொண்டது போல் சட்டென்று மேற்கே திரும்பிவிடுகிறது. அவ்வாறு திரும்பும் மூலைக்குத்தான் கோடிக்கரை என்று பெயர். கிழக்கே வங்காள விரிகுடா. தெற்கே பாக் ஜலசந்தி. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஜனங்கள் திரள் திரளாக வந்து இங்கே சமுத்திர ஸ்நானம் செய்கிறார்கள். நீராடியதும் ஈரத் துணியைப் பிழிந்து கொண்டு ஊர் திரும்பி விடுகிறார்கள். கரைக்குப் பின்னால் உள்ள காட்டையும், அதை அடுத்த புல்வெளியையும் எட்டிப் பார்ப்பவர்கள் வெகு சிலரே. அங்கே வசிப்பவை பார்க்கத் தகுந்த பிராணிகள் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தை மாதத்தில் ஒரு நாள், மேல் வகுப்பு மாணவர்கள் நால்வருடன் அங்கே போயிருந்தேன். வேதாரண்யத்திலிருந்து போகும் வழியில் உப்பளங்கள் தென்பட்டன. 1930-ம் வருஷம் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் உப்பு எடுத்த பூமி அல்லவா? பையன்கள் பாடப் புத்தகத்தில் படித்த இடத்தைக் கண்ணால் கண்டதில் சற்று நேரம் மௌனமாக இருந்தார்கள்.

சரணாலயத்தின் வாயிலில் வழிகாட்டியாக ஒரு பெரியவர் எங்களுடன் சேர்ந்து கொண்டார். அந்த ஊர்க்காரர், காட்டிலேயே நரைத்தவர். பாலை மரங்களும் நாவல் மரங்களும் அடர்ந்த பகுதியைக் கடந்து புல்வெளியின் ஓரத்துக்கு வந்ததும், கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார்.

"இனிமே நடக்காதீங்க, ஸார். தம்பிகளா, பேசவே கூடாது. அதுங்க நம்மளை முன்னாடியே பார்த்திருக்கும். நாமதான் இன்னும் பார்க்கலை."

அவர் சொன்னது உண்மைதான். காலைப் பனி மெல்ல விலகியதும், வெறும் புல்லென்று நாங்கள் நினைத்திருந்த இடத்தில் பதினைந்து இருபது மான்கள் நிற்பது புலனாயிற்று. பெண் மான்கள் வெளிறிய பழுப்பு நிறம். நடுவில் ஓர் ஆண் மான். மேலெல்லாம் மையைப் பூசியது போன்ற கருமை. வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் தூய வெண்மை. தலையில் கயிற்றை முறுக்கி விட்டாற்போல் இரண்டு நீண்ட கொம்புகள். மூக்கை வானத்தை நோக்கி உயர்த்தி, கொம்புகளை முதுகின் மேல் சாய்த்துக் கொண்டு, அது நடந்த நடையைப் பட்டாபிஷேகத்துக்குப் போகும் ராஜாவிடம் கூடக் காண முடியாது!

வெளிமான் என்னும் பெயர் வெகு பொருத்தமானது. திறந்த வெளியே அதற்கு வீடு. அதே காட்டில் புள்ளிமானும் உண்டு. ஆனால் இரண்டும் வேறு வேறு ஜாதி. புள்ளிமானின் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். வெளிமானின் கொம்போ ஆட்டுக் கொம்பைப் போல ஆயுள் முழுதும் நிலைத்திருக்கும். முன்பு இந்தியாவின் சமவெளிகளில் எங்கும் மேய்ந்து திரிந்த இந்த இனம், நமது மாகாணத்தில் கோடிக்கரை, கிண்டி, வல்லநாடு போன்ற சில இடங்களில் மட்டுமே இன்று எஞ்சியிருக்கிறது. கோடிக்கரை 1967-ல் சரணாலயமாயிற்று. 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் வெளிமானை வேட்டையாடுவதைக் குற்றமாக்கியது.

திடீரென்று ஒரு பெண் மான் துள்ளியது. அடுத்த கணம் மந்தை முழுவதும் ஆகாயத்தில் எழும்பி எழும்பிப் பாய்ந்தது. மணிக்கு எண்பது கிலோமீட்டர் வரையில் ஓட வல்ல பிராணி அது. நாங்கள் மூச்சு விடுவதற்குள் வெளியின் மறுகோடியை அடைந்துவிட்டது.

"இங்கே புலியா, சிறுத்தையா? நரி கூடக் குட்டியைத்தானே பிடிக்கும்? இவ்வளவு வேகம் இதற்கு எதற்கு, ஸார்?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

நல்ல கேள்வி. நம் நாட்டுச் சமவெளிகளில் ஒரு காலத்தில் சிவிங்கிப் புலி இருந்தது. தரையில் ஓடும் பிராணிகளில் அதற்கு இணையான வேகம் வேறொன்றுக்கும் கிடையாது. அதனிடமிருந்து தப்பித் தப்பித்தான் வெளிமானின் கால்கள் இந்த வேகத்தைப் பெற்றன. இந்தியாவில் சிவிங்கி அற்றுப் போயிற்று என்று 1952-ல் சர்க்கார் அறிவித்தது. 2022-ல் ஆப்பிரிக்காவிலிருந்து சில சிவிங்கிகளை மத்தியப் பிரதேசத்தில் கொண்டு வந்து விட்டார்கள்; தமிழ்நாட்டு மான்களுக்கு அதனால் பயமில்லை. துரத்துகிறவன் போய்விட்டான், ஓட்டம் மட்டும் நிற்கவில்லை.

அப்படியானால் வெளிமானுக்குப் பகையே இல்லையா? பெரியவர் புல்வெளியின் விளிம்பைச் சுட்டிக் காட்டினார். சீமைக் கருவேல்! அமெரிக்கக் கண்டத்திலிருந்து விறகுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டுக்கு வந்த முட்செடி. அது புல்லின் மேல் படர்ந்து, வெளியைப் புதராக்கி விடுகிறது. வேடிக்கை என்னவென்றால், அதன் இனிப்பான நெற்றுக்களை மான்களே தின்கின்றன. ஒரு காலத்தில் மனிதர் வளர்த்துக் கைவிட்டு, இப்போது காட்டில் பெருகிவிட்ட மட்டக் குதிரைகளும் தின்கின்றன. சாணத்தோடு விழும் விதை புது இடத்தில் முளைக்கிறது. ஓடி வரும் பகைவனிடமிருந்து ஓடித் தப்பலாம். நின்ற இடத்திலிருந்தே வீட்டை அடைக்கும் பகைவனிடம் எண்பது கிலோமீட்டர் வேகம் என்ன செய்யும்?

"வருஷா வருஷம் வெட்டுறாங்க, ஸார். வேரோட எடுக்காட்டித் திரும்பத் துளிர்க்குது" என்றார் பெரியவர். 2018-ம் வருஷத்துக் கஜா புயலில் மரங்கள் சாய்ந்ததையும், மான்களும் குதிரைகளும் மடிந்ததையும் அவர் சொல்லியபோது குரல் தழுதழுத்தது.

பிற்பகலில் உப்பங்கழிப் பக்கம் சென்றோம். தூரத்தில் நீரின் மேல் இளஞ்சிவப்புக் கோடு போட்டாற்போல் ஏதோ தெரிந்தது. பைனாகுலரில் பார்த்தால், அத்தனையும் பூநாரைகள்! தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகை நீருக்குள் தலைகீழாக விட்டு, சேற்று நீரைச் சல்லடையில் சலிப்பது போல் சலித்துச் சிறு ஜந்துக்களை உண்கின்றன. அந்த ஆகாரந்தான் இறகுக்குச் சிவப்பைத் தருகிறது. இத்தகைய பறவைகளை உத்தேசித்தே 2002-ல் இப்பிரதேசம் ராம்ஸார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது.

கோடிக்கரைக்குப் போக விரும்பும் குடும்பத்தினருக்கு இரண்டு வார்த்தை. மார்கழி, தை, மாசி மாதங்கள் உத்தமம். விடியற்காலையில் போங்கள்; பளிச்சென்ற உடைகளும் உரத்த பேச்சும் வேண்டாம். குழந்தைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். காடென்றால் மரம் நட்டால் போதும் என்று நாம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். மரம் இல்லாத வெறும் புல்வெளியும் ஒரு ஜீவனுக்கு வீடு. அங்கே ஒரு செடியைப் பிடுங்குவதும் தர்மமாகலாம் என்பதைக் கோடிக்கரை கற்றுத் தரும்.