இருபத்து நான்கு மணி நேரப் படக்கதை

ஓவியத்தைத் தொழிலாகக் கொள்ளாதவனுக்கு ஒரு வசதி உண்டு; அதுவே அவனுக்குத் தடையும் ஆகும். எந்தப் படத்தையும் குறித்த நாளில் முடித்துத் தரவேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. ஆகவே அவனுடைய அலமாரியில் நான்காம் பக்கத்தோடு நின்றுபோன கதைகளே மிகுந்திருக்கும்.

இத்தகையோர்க்குப் பொருத்தமான அறைகூவல் ஒன்று உண்டு. அமெரிக்கப் படக்கதை ஓவியர் ஸ்காட் மெக்ளவுட், 1990ஆம் ஆண்டில், தம் நண்பர் ஸ்டீவ் பிசெட்டுக்காக அதனை வகுத்தார். ஒருவர் தனியாக, 24 மணி நேரத்திற்குள், 24 பக்கப் படக்கதையை வரைந்து முடிக்க வேண்டும். கதையை முன்னரே குறித்து வைத்தல் கூடாது. தாளும் மையும் உணவும் திரட்டிக்கொள்ளலாம். இடையில் உறங்கினாலும் நேரம் ஓடிக்கொண்டேயிருக்கும். 2004 முதல் ஆண்டுதோறும் ஒரு நாளைக் குறித்து, உலகின் பல ஊர்களில் ஓவியர்கள் இதனை மேற்கொள்கின்றனர்.

ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆரியங்கோட்டில் என் வீட்டில் நானும் தாளை விரித்து அமர்ந்தேன். சிவகாசியிலிருந்து 1972 முதல் வெளிவந்த முத்து காமிக்ஸையும், டாம்ஸ் வரைந்த ‘போபனும் மோளியும்’ என்னும் மலையாளச் சித்திரக் கதையையும் ஒரே திண்ணையில் படித்து வளர்ந்தவன் நான். அன்று என் மனத்தில் எழுந்ததும் இரு மொழிகளுக்கு இடைப்பட்ட ஒரு கதையே.

என் பாட்டி விளவங்கோடு வட்டத்தில் பிறந்து, ஆரியங்கோட்டிற்கு மருமகளாக வந்தவர். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் மாறின. பிறந்த வீடு சென்னை மாநிலத்திலும் புகுந்த வீடு கேரளத்திலும் அமைந்தன. அடுத்த சில நாள்களில், தாய் நோயுற்றார் என்ற செய்தி கேட்டு, ஓலைச் சூட்டு வெளிச்சத்தில் பாட்டி இரவோடிரவாக நடந்து சென்றார். அந்த நடையையே வரையத் தொடங்கினேன்.

பாட்டிக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். என் அக்காவின் மகனோ மலையாளம் மட்டுமே படிப்பான். கதை இருவரையும் சேர வேண்டும் என்பதனால் ஒவ்வொரு பேச்சுக் குமிழிலும் இரு மொழிகளிலும் எழுதினேன். எழுத்துகள் பெருகப் பெருக, முகங்களுக்கு இடம் குறைந்தது. இரவு ஒன்பது மணிக்கு ஏழு பக்கங்களே முடிந்திருந்தன. எஞ்சிய பதின்மூன்று மணி நேரத்தில் பதினேழு பக்கங்கள் வரைய வேண்டும். எட்டாம் பக்கத்தில் குமிழ்களை அறவே நீக்கினேன். அதன்பின் விரைந்த கால்களும், சூட்டை இறுகப் பற்றிய கையும், திரும்பிப் பார்க்கும் கண்களுமே பேசின.

மழை ஈரத்தில் மை உலரவில்லை. தாள்களை மின்விசிறியின்கீழ்ப் பரப்பினேன். மூன்று மணிக்கு விரல்கள் மரத்தன. அழித்து வரைய நேரம் இல்லாமையால் கோடுகள் அச்சமின்றி ஓடின. விடியுமுன் மழை ஓய்ந்தது. ரப்பர் வெட்டுவோர் தலையில் விளக்கணிந்து மரங்களிடையே செல்வதைச் சன்னல் வழியே கண்டேன். இருளில் நகர்ந்த அவ்வொளியே பதினேழாம் பக்கத்தில் பாட்டியின் சூட்டு வெளிச்சமாயிற்று.

காலை பத்து மணி அடித்தபோது இருபத்தொரு பக்கங்கள் முடிந்திருந்தன. இத்தகைய நிலைக்கும் இரு வழிகள் உண்டு. நேரம் முடிந்ததும் நிறுத்துவது நீல் கெய்மன் வழி; கதை முடியும்வரை தொடர்வது கெவின் ஈஸ்ட்மன் வழி. பாட்டியை நடுவழியில் நிறுத்த மனம் ஒப்பவில்லை. மூன்று மணி நேரம் கூடுதலாக உழைத்து, அவரைத் தாய்வீட்டு வாயிலில் சேர்த்தேன்.

அன்று மாலை பாட்டியும் சிறுவனும் தாள்களைச் சேர்ந்து புரட்டினர். அவன் மலையாளத்தில் கதை சொன்னான். அவர் தமிழில் சொன்னார். இரண்டும் ஒரே கதையாக இருந்தன. “எல்லைக் கோடு எங்கே?” என்று சிறுவன் மலையாளத்தில் கேட்டான். பாட்டி, “அந்த இருட்டுல அதை யாரு கண்டா மக்களே?” என்றார்.

கால எல்லை கலைஞனை நெருக்குகிறது. ஆனால் கதைக்கு இன்றியமையாதது எது என்பதையும் அதுவே காட்டித் தருகிறது. செம்மையாக வரைவதற்கென்று நாம் காத்திருக்கும் நாளில், அக்கதையை நமக்குச் சொல்ல வேண்டியவர் இல்லாமற்போகலாம். பாட்டி இருக்கும்போதே அவர் கதை முடிந்தது. எனக்கு அதுவே பெரும் நிறைவு.