நீலத் தண்ணீர், பச்சைத் தேள்!

விமானம் பீனிக்ஸ் நகரத்துக்கு மேலே வட்டமிட்டபோது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கீழே பழுப்பு நிறப் பாலைவனம். அதன் நடுவே வரிசை வரிசையாக வீடுகள். பல வீடுகளின் கொல்லைப்புறத்தில் ஒரு நீலச் சதுரம். யாரோ கோணிச் சாக்கை விரித்து அதன்மேல் நீலக் கற்களை இறைத்துவிட்ட மாதிரி இருந்தது. "அத்தனையும் நீச்சல் குளமா?" என்று வாயைப் பிளந்தேன். பக்கத்து ஆசனத்து அமெரிக்கப் பெரியவர், "ஆமாம்" என்று தலையை ஆட்டிவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தார். பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பவர் போலிருக்கிறது.

வருஷத்துக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழைதான் அந்த ஊருக்கு. நம் சென்னையில் ஐப்பசி அடைமழை ஒரே மாதத்தில் அதை மிஞ்சிவிடும். வெயிலோ கேட்கவே வேண்டாம். 2023-ஆம் ஆண்டு ஜூன் கடைசி நாளில் தொடங்கி 31 நாட்கள், ஒரு நாள்கூட விடாமல், உச்சி வெப்பம் 110 டிகிரிக்குக் குறையவே இல்லை. அப்படிப்பட்ட ஊரில் வீட்டுக் கொல்லையில் குளம் எங்கிருந்து வந்தது? ஸால்ட் நதித் தண்ணீரும், கால்வாயில் நெடுந்தூரம் நடந்து வரும் கொலராடோ நதித் தண்ணீரும்தான். ஹோஹோகாம் என்ற பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே கால்வாய் வெட்டி வெள்ளாமை செய்திருக்கிறார்கள். அவர்கள் போன பிறகு, அந்தப் பழைய தடங்களின்மேல் எழுந்த ஊர் என்பதால்தான், சாம்பலிலிருந்து உயிர்த்தெழும் பீனிக்ஸ் பறவையின் பெயரை வைத்தார்களாம்.

என் கல்லூரித் தோழன் பக்கத்திலுள்ள சாண்ட்லர் நகரில் இருக்கிறான். கம்ப்யூட்டர் சில்லு செய்யும் தொழிற்சாலைகள் இருப்பதால் அங்கே தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைவில்லை. போய் இறங்கிய மாலையில் காப்பியைக் கையில் கொடுத்துக் கொல்லைக்கு அழைத்துப் போனான். அடாடா! பளிங்கு மாதிரித் தண்ணீர். ஓரத்தில் இரண்டு பனைகள். கால் நனைக்கலாம் என்று செருப்பைக் கழற்றினேன்.

"தம்பி! செருப்பைக் கழற்றாதீங்க!" என்று ஒரு குரல் அதட்டியது. தோழனின் தாயார். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறார்கள். "இங்கே தண்ணிக்குக் காவல் யார் தெரியுமா? தேள்!"

நான் சிரித்தேன். மற்ற யாரும் சிரிக்கவில்லை. தோழனின் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது.

முந்திய வருஷம் ஒரு மாலை, நாலு வயதுக் குழந்தை தண்ணீரிலிருந்து ஏறி, நாற்காலிமேல் கிடந்த துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான், வீல் என்று ஒரு அலறல். கையில் காயம் ஒன்றும் தெரியவில்லை, வீக்கம்கூட இல்லை. ஆனால் அரை மணிக்குள் குழந்தையின் கண்கள் இப்படியும் அப்படியும் உருள ஆரம்பித்தன. கை கால்கள் தாமாக உதறின. எச்சிலை விழுங்க முடியவில்லை. "பேய் பிடிச்ச மாதிரி இருந்துச்சு, தம்பி. நான் என் காலத்தில் எத்தனையோ தேள்கடி பார்த்திருக்கேன், இப்படிப் பார்த்ததில்லை" என்றார்கள் அந்த அம்மாள்.

அந்த ஊர்த் தேளுக்கு 'மரப்பட்டைத் தேள்' என்று பெயர். மூன்று அங்குலத்துக்கு மேல் வளராது. வைக்கோல் நிறம், ஒல்லி உடம்பு, மெல்லிய கிடுக்கி. பார்த்தால் பரம சாது. அமெரிக்காவிலுள்ள தேள்களிலேயே கொடிய விஷம் அதற்குத்தான்! அந்த விஷம் நரம்பைத் தாக்குகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாள், இரண்டு நாள் வலியும் மரமரப்பும். அதோடு பெரும்பாலும் சரி. சிறு குழந்தைகளுக்குத்தான் ஆபத்து. மூச்சு முட்டிப்போகும்.

நல்ல வேளையாக ஆஸ்பத்திரி இருபது நிமிஷத் தூரம். விஷமுறிவு மருந்து மூன்று குப்பிகள் ஏற்றினார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் குழந்தை ஐஸ்கிரீம் கேட்டாளாம். இந்த மருந்தின் கதை சுவாரசியமானது. மெக்ஸிகோவில் குதிரையின் ரத்தத்திலிருந்து தயாரிப்பது. அரிஸோனா பல்கலைக் கழகத்தார் 15 குழந்தைகளை வைத்துச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள்: மருந்து பெற்ற எட்டுப் பேரும் நாலு மணிக்குள் தெளிந்தார்கள். 2011-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. ஆனால் மெக்ஸிகோவில் அப்போது சுமார் 100 டாலருக்குக் கிடைத்த குப்பிக்கு, எல்லையைத் தாண்டியதும் ஆயிரக்கணக்கில் பில்! 2012-இல் பத்திரிகைகளில் இது பெரிய ரகளையாயிற்று. தோழனுக்கு வந்த பில்லைக் காட்டினான். தேள் அவனையும் ஒரு தரம் கொட்டிவிட்டது என்று சொல்லலாம்.

"எங்க ஊர்லே தேள் கொட்டினா மந்திரிப்பாங்க. இங்கே இன்ஷூரன்ஸ் இருக்கான்னு கேட்கிறாங்க" என்றார்கள் பாட்டி.

அன்றிலிருந்து குழந்தையின் தாய் ஒரு சட்டம் போட்டுவிட்டாள். சேர்ந்தாற்போல் ஏழு இரவு கொல்லையில் ஒரு தேள்கூடத் தென்படாவிட்டால்தான் குழந்தை தண்ணீரில் இறங்கலாம். சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு நாளும் ஒரு எண். காலையில் பல் விளக்கு முன்னே குழந்தை ஓடிவந்து கேட்கிற கேள்வி, "அப்பா, பூஜ்யமா?" என்பதுதான். நான் போனபோது ஐந்து பூஜ்யங்கள் வரிசையாக நின்றன. வீட்டில் யாரும் அதைப் பற்றி உரக்கப் பேசவில்லை, கண் பட்டுவிடும் என்பதுபோல.

ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வேட்டை. பூட்ஸை மாட்டிக்கொண்டு, நீண்ட இடுக்கி ஒன்றும், மூடி போட்ட கண்ணாடி ஜாடி ஒன்றும், ஒரு டார்ச்சும் எடுத்துக்கொண்டோம். சாதாரண டார்ச் அல்ல. புற ஊதா வெளிச்சம். எல்லா விளக்கையும் அணைத்து அதை அடித்தால் தேள் மட்டும் பச்சையாகப் பளீரென்று ஒளிவிடும்! மேல் ஓட்டிலுள்ள சில ரசாயனங்கள் செய்கிற ஜாலம். தோல் உரித்த புதிதில் ஒளி இராது. ஓடு இறுக இறுக வந்துவிடும். செத்து, பல வருஷம் சாராயக் குப்பியில் கிடந்த தேளும் ஒளிருமாம். இதனால் தேளுக்கு என்ன லாபம் என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை.

"எங்கே தேடுவது?" என்றேன். "தரையைப் பார்க்காதே. தலைகீழாகப் பார்" என்றான். மற்றத் தேள்கள் போல இது மண்ணில் வளை தோண்டுவதில்லை. ஏறும், தலைகீழாகத் தொங்கும். குளத்தைச் சுற்றியுள்ள கல் விளிம்பின் அடிப்பக்கம், நாற்காலியின் கீழ்ப்பக்கம், மிதக்கும் பொம்மையின் மடிப்பு, காயப்போட்ட துண்டு, இவையெல்லாம் அதற்கு ஏ.சி. அறை. குளத்துப் பக்கச் சுவரில் சருகுகளை இழுத்துக்கொள்ளும் வாய் ஒன்று உண்டு, உள்ளே கூடை. அதில் வெறுங்கையை விட்டுச் சருகு அள்ளுகிறவர்கள் கொட்டு வாங்குவது அங்கே சர்வ சாதாரணம். குளத்தின் அடியில் செத்துக் கிடப்பதாகத் தோன்றும் தேளையும் நம்பக் கூடாது. பல மணி நேரம் தண்ணீருக்குள் மூச்சடக்கிக் கிடந்துவிட்டு, வெளியே எடுத்துப் போட்டதும் எழுந்து நடக்கும். வலையில் எடு, கையில் எடுக்காதே என்பது அங்குள்ள பால பாடம்.

மருந்து அடித்தால் போகாதா? போவதில்லை. கரப்பானையும் பாச்சையையும் கொல்லும் மருந்து தேளிடம் அவ்வளவாகச் செல்லுபடியாகாது. அதன் ஆகாரத்தை ஒழித்தால்தான் வழி. இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்தது அந்த வீட்டில் யார் தெரியுமா? பாட்டிதான். வந்த மூன்றாம் நாளே, குளத்தோரத்து வெள்ளை விளக்கைக் காட்டி, "விளக்கு எரிஞ்சா பூச்சி வரும், பூச்சி வந்தா அதைத் தின்ன ஒண்ணு வரும். நம்ம ஊர்லே பல்லி, இங்கே தேள்" என்றார்களாம். விளக்கை மஞ்சளாக மாற்றினார்கள். பனையில் பாவாடை மாதிரித் தொங்கிய காய்ந்த மட்டைகளை வெட்டினார்கள். கதவடியில் ரப்பர் பட்டை அடித்தார்கள். ஒரு கிரெடிட் கார்டு நுழையும் இடுக்கு இருந்தால் தேளும் நுழையும். குழந்தையின் கட்டில் கால்கள் நான்கும் கண்ணாடி ஜாடிகளில் நின்றன. வழவழப்பான கண்ணாடியில் தேளால் ஏற முடியாது.

அரை மணி சுற்றினோம். ஒன்றுமில்லை. ஆறாவது பூஜ்யம் என்று மனத்துக்குள் கொட்டு மேளம். கடைசியாக மதில் சுவர் மேல் வெளிச்சத்தைத் திருப்பினான் தோழன், அப்படியே நின்றுவிட்டான்.

சுவரில் பச்சைத் தீப்பொறி மாதிரி ஒரு தேள். முதுகில் வெளுப்பாக ஏதோ அப்பியிருந்தது. குஞ்சுகள்! தேள் முட்டையிடுவதில்லை, குட்டி போட்டு, அவை முதல் தோல் உரிக்கும்வரை சுமந்து திரிகிறது. இருபதுக்குக் குறையாது. அந்த ஜீவன் எங்கள் வெளிச்சத்தைக் கண்டு, சுமையோடு மெள்ள நகர்ந்து, சுவரின் உச்சியில் சிமெண்டு பெயர்ந்த ஒரு துவாரத்தை நோக்கிப் போயிற்று. அந்த ஊர் மதில்கள் உள்ளே கூடான சிமெண்டுக் கட்டிகளால் எழுப்பியவை. மாதக் கணக்கில் தேடிய வீடு அதற்குள்ளேதான் இருந்தது!

தோழன் இடுக்கியை நீட்டினான். எனக்கு ஒரு கணம் மனம் என்னவோ செய்தது. சமையலறை ஜன்னலில் குழந்தையின் தாய் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு நான் ஜாடியைத் திறந்து பிடித்தேன்.

காலையில் "பூஜ்யமா?" என்ற குரல் கேட்டபோது நான் படுக்கையிலேயே கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.

அன்றே தோழன் ஏணி போட்டு ஏறினான். நான் கலவை எடுத்துக் கொடுத்தேன். மதிலின் உச்சி ஓட்டைகள் அத்தனையையும் சிமெண்டு பூசி அடைத்தோம். பாட்டி கீழே நின்று மேஸ்திரி வேலை பார்த்தார்கள்.

நம் ஊர்ச் செந்தேளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரே 'ஹாட்டன்டோட்டா டாமுலஸ்'. ஆம், தமிழின் பெயரால்! அதன் விஷம் இருதயத்தையும் நுரையீரலையும் தாக்குகிறது; மரப்பட்டைத் தேளைவிடக் கொடியது. மஹாராஷ்டிரத்தில் மஹாட் என்ற சிற்றூரில் வைத்தியம் செய்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், பிராசோஸின் என்ற சாதாரண ரத்தக் கொதிப்பு மாத்திரையால் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றி உலகத்துக்கு வழி காட்டினார். குழந்தைக்குக் கொட்டினால் வெங்காயம் தேய்த்துக்கொண்டு நேரத்தைப் போக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இதைப் பாட்டியே ஒப்புக்கொண்டார்கள்.

சென்னைக்குத் திரும்பி மூன்று வாரம் இருக்கும். டெலிபோனில் ஒரு படம் வந்தது. காலண்டர் தாள், ஏழு பூஜ்யங்கள். அடுத்து இன்னொரு படம்: கழுத்தளவு தண்ணீரில் குழந்தை. விளிம்பில் அவள் தாய், இரண்டு கால்களையும் தண்ணீரில் தொங்கவிட்டபடி. பின்னால் பாட்டி, ஒரு பெரிய துண்டை மூன்றாவது தரமோ நான்காவது தரமோ உதறிக்கொண்டிருந்தார்கள்.