பட்டியலில் நம் இடம் எது?

எங்கள் வீட்டில் "லிஸ்ட்" என்றால் மளிகைக்கடை லிஸ்ட் இல்லை. அப்பாவின் சீனியாரிட்டி லிஸ்ட்!

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அப்பா வேலை பார்த்த வங்கியை ஒரு பெரிய வங்கியோடு இணைத்தார்கள். சில மாதங்கள் கழித்து இரண்டு வங்கி அதிகாரிகளையும் வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் வந்தது. அதில் அப்பாவை விட ஆறு வருடம் பிந்தி வேலைக்குச் சேர்ந்த ஒருவர் அப்பாவுக்கு மேலே இருந்தார். அவர்கள் வங்கியில் பதவி உயர்வு சீக்கிரம் கிடைத்திருக்கிறது. அப்பா வங்கியில் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். அன்று முதல் அந்த மனிதரின் பெயர் அடிபடாமல் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்த நாட்கள் குறைவு. அவரை நான் பார்த்ததே கிடையாது. ஆனாலும் எனக்கு அவரைப் பிடிக்காது.

இந்த செமஸ்டரில் தொழிலாளர் சட்ட வகுப்பில் ஒரு விவாதம் வைத்தார்கள். அமெரிக்காவில் இரண்டு விமான நிறுவனங்கள் இணைந்தபோது விமானிகளின் பணிமூப்பை எப்படிக் கணக்கிட்டிருக்க வேண்டும் என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு வந்தது, "வேலைக்குச் சேர்ந்த தேதியை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது" என்கிற கட்சி. அதாவது, அப்பாவுக்கு எதிர்க்கட்சி.

விமானிகளுக்குப் பணிமூப்பு என்பது நாம் நினைப்பது போல வெறும் மரியாதை சமாச்சாரம் இல்லை. எந்த விமானத்தை ஓட்டுவது, எந்த ஊரில் தங்குவது, தீபாவளி மாதிரி ஒரு பண்டிகைக்கு லீவு கிடைக்குமா, எப்போது கேப்டன் ஆவது, ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வீட்டுக்குப் போவது என்று எல்லாவற்றையும் அந்த ஒரு எண்தான் தீர்மானிக்கிறது. இதில் இன்னொரு சிக்கல், அந்த எண்ணை எடுத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போக முடியாது. இருபது வருட அனுபவம் உள்ள கேப்டனும் புதிய கம்பெனியில் சேர்ந்தால் பட்டியலின் கடைசியில்தான் நிற்க வேண்டும்.

இனி கதைக்கு வருகிறேன். யுஎஸ் ஏர்வேஸ் பெரிய நிறுவனம், பழைய நிறுவனம். 2002இல் ஒரு முறை, 2004இல் மறுபடியும் ஒரு முறை திவால் நீதிமன்றத்துக்குப் போனது. அரிசோனாவில் இருந்த அமெரிக்கா வெஸ்ட் அதைவிடச் சிறியது, ஆனால் நடந்துகொண்டிருந்தது. 2005 செப்டம்பரில் இரண்டும் இணைந்தன. பெயர் யுஎஸ் ஏர்வேஸ். நிர்வாகம் அமெரிக்கா வெஸ்ட் ஆட்கள், டக் பார்க்கர் தலைமையில். பழைய யுஎஸ் ஏர்வேஸ் விமானிகளைக் கிழக்கு என்றும், அமெரிக்கா வெஸ்ட் விமானிகளை மேற்கு என்றும் அழைத்தார்கள். கிழக்கில் சுமார் 5,100 பேர். அவர்களில் சுமார் 1,700 பேர் வேலையில்லாமல், "வேலை வந்தால் கூப்பிடுகிறோம்" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். மேற்கில் சுமார் 1,900 பேர்.

"சேர்ந்த தேதிப்படி வரிசைப்படுத்துங்கள்" என்றது கிழக்கு. "முடியாது, அவரவர் பழைய பட்டியலில் எந்த இடத்தில் இருந்தார்களோ அதற்குச் சமமான இடம் புதிய பட்டியலிலும் வேண்டும்" என்றது மேற்கு.

எனக்கு இது முதலில் சரியாகப் பிடிபடவில்லை. கடைசியில் ரேஷன் கடையை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். இரண்டு ரேஷன் கடைகளை ஒன்றாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கடையில் காலை ஆறு மணியிலிருந்து கூட்டம், ஆனால் சரக்கு தீரப் போகிறது. வரிசையின் கடைசியில் இருந்தவர்களை "வீட்டுக்குப் போங்கள், வந்தால் சொல்லி அனுப்புகிறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது கடைக்கு மக்கள் எட்டு மணிக்குத்தான் வந்தார்கள், ஆனால் வரிசை நகர்கிறது. இப்போது ஒரே வரிசை போட்டால் யார் முன்னால்? ஆறு மணிக்கு வந்தவர் "நான்தானே முதலில் வந்தேன்" என்பார். எட்டு மணிக்கு வந்தவர் "எனக்கு முன்னால் ரெண்டே பேர்தான் இருந்தார்கள், உங்கள் கடையோடு சேர்ந்ததற்காக நான் ஏன் இருநூறு பேருக்குப் பின்னால் போகவேண்டும்?" என்பார். இரண்டு பேரும் சொல்வது நியாயம்தான். அதுதான் பிரச்சினையே.

அப்போது இரு தரப்பும் ஒரே சங்கத்தில்தான் இருந்தன. பேசிப் பார்த்தார்கள், முடியவில்லை. சங்கத்தின் விதிப்படி ஜார்ஜ் நிக்கலாவ் என்ற நடுவரிடம் விஷயம் போனது. அவர் பேஸ்பால் வீரர்களின் வழக்குகளையெல்லாம் விசாரித்தவர். 2007 மே மாதம் தீர்ப்பு வந்தது. பெரிய விமானங்களை ஓட்டிய கிழக்கு விமானிகள் 517 பேர் பட்டியலின் உச்சியில். வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தவர்கள் எல்லோரும் அடியில். நடுவில் உள்ளவர்கள் பழைய இடத்துக்கு ஏற்ற விகிதத்தில். விளைவு, 16, 17 வருடங்களுக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த கிழக்கு விமானி, சேர்ந்து சில மாதங்களே ஆன மேற்கு விமானிக்குக் கீழே போனார்.

இதைப் படித்தபோது எனக்கு அப்பா முகம்தான் ஞாபகம் வந்தது.

கிழக்கு விமானிகள் தீர்ப்பை ஏற்கவில்லை. எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம். எனவே யூஎஸ்ஏபிஏ என்று ஒரு புதுச் சங்கம் ஆரம்பித்து, 2008 ஏப்ரலில் வாக்கெடுப்பில் ஜெயித்து, பழைய சங்கத்தையே வெளியேற்றிவிட்டார்கள். புதுச் சங்கத்தின் கொள்கை, சேர்ந்த தேதிதான் பணிமூப்பு. மேற்கு விமானிகள் வழக்குப் போட்டார்கள். 2009இல் ஃபீனிக்ஸ் நகர ஜூரி மேற்குக்குச் சாதகமாகச் சொன்னது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், "ஒப்பந்தம் இன்னும் போடவே இல்லையே, இப்போதே எப்படித் தீர்ப்புச் சொல்வது?" என்று அதை ரத்து செய்தது. 2013 டிசம்பரில் யுஎஸ் ஏர்வேஸ் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இணைந்தது. 2015இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம், சங்கம் மேற்கு விமானிகளுக்கு நியாயமாக நடந்துகொள்ளவில்லை என்றது. கடைசியாக 2016 செப்டம்பரில்தான் கிழக்கு, மேற்கு, அமெரிக்கன் மூன்று தரப்பையும் ஒரே பட்டியலாக்கிய நடுவர் தீர்ப்பு வந்தது. பதினோரு வருடம்!

இதில் கொடுமை என்னவென்றால், இந்தச் சண்டையால் அதிக நஷ்டம் கிழக்குக்குத்தான். பொது ஒப்பந்தம் போட்டால் நிக்கலாவ் பட்டியல் வந்துவிடும் என்ற பயத்தில், திவால் காலத்தில் வெட்டிய சம்பளத்திலேயே அவர்கள் பல வருடங்கள் ஓட்டினார்கள். ஒரே கம்பெனி, ஒரே சீருடை, ஆனால் கிழக்கு விமானியும் மேற்கு விமானியும் ஒரே காக்பிட்டில் உட்கார முடியாது. நிர்வாகத்துக்கு இதில் என்ன கஷ்டம்? சம்பளம் மிச்சம்.

2009 ஜனவரி 15 அன்று ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றினார்களே, அது இந்தக் கம்பெனி விமானம்தான். இருவருமே கிழக்கு விமானிகள். கேப்டன் சல்லன்பர்கர் அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால், தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியத் திட்டம் பறிபோனதையும் சொன்னார். பக்கத்து இருக்கையில் இருந்த ஜெஃப் ஸ்கைல்ஸ் முன்பு கேப்டனாக இருந்தவர். கம்பெனி சுருங்கியதால் துணை விமானியாக இறக்கப்பட்டவர். 15,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவருக்கு அந்த ரக விமானத்தில் இருந்த அனுபவம் 37 மணி நேரம். பட்டியலில் இடம் போவது என்றால் என்ன என்று அவரைக் கேட்டால் சொல்வார்.

நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. 2007இல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் இணைத்தார்கள். 2011இல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள், ஏர் இந்தியா விமானிகளுக்குச் சமமான சம்பளம் கேட்டு பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2012இல் பழைய ஏர் இந்தியா விமானிகள், ட்ரீம்லைனர் விமானப் பயிற்சியை மற்றவர்களுக்கும் கொடுத்தால் தங்கள் பதவி உயர்வு பாதிக்கும் என்று 58 நாள் நிறுத்தினார்கள். இணைந்து ஐந்து வருடம் ஆகியும் "நாம்", "அவர்கள்" போகவில்லை.

விவாதத்துக்கு முந்தின நாள் இரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பாதியிலேயே தோன்றியது. அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப நீ அந்த ஆள் பக்கம் பேசப் போறியாம்மா?"

"சீட்டுல அப்படித்தான்பா வந்துச்சு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அம்மா ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்புறம் அப்பாவே பேசினார். "எங்க பாங்க் மூழ்கிட்டுத்தான் இருந்துச்சு. சேர்க்கலைன்னா என்ன ஆயிருக்கும்னு எனக்கும் தெரியும். அந்த ஆளும் யாரையும் ஏமாத்தி மேல வரலை. ஆனா பாங்க் மூழ்கினதுக்கு நானா காரணம்? நான் இருபத்திரண்டு வருஷம் கவுண்டர்ல உட்கார்ந்தது இல்லைன்னு ஆயிடுமா?"

என்னிடம் பதில் இல்லை. அந்த மனிதர் யாரையும் ஏமாற்றவில்லை என்று அப்பா வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் விவாதத்தில் எங்கள் அணி ஜெயித்தது. தலைப்பை விட்டு விலகாமல் பேசினேன். ஆனால் அப்பாவின் கேள்வியையும் கடைசி நிமிடத்தில் நானே எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். எதிரணியில் யாருமே அதைக் கேட்கவில்லை.

என் கருத்து இதுதான். சேர்ந்த தேதி மட்டும் போதாது, இருந்த இடம் மட்டும் போதாது, இரண்டுக்கும் மதிப்புக் கொடுத்துத்தான் கலக்க வேண்டும். அமெரிக்காவில் 2007 டிசம்பரில், இப்படி இணைக்கும்போது நியாயமான, சமமான முறையில் பட்டியல் போட வேண்டும் என்று சட்டமே கொண்டுவந்தார்கள். 2001இல் டிடபிள்யூஏ நிறுவனத்தை அமெரிக்கன் வாங்கியபோது அதன் பணிப்பெண்கள் அத்தனை பேரையும் பட்டியலின் அடியில் தள்ளி, அடுத்து வந்த ஆட்குறைப்பில் அவர்கள் வேலை போனதுதான் அதற்குக் காரணம். ஆனால் சட்டம் மட்டும் போதுமா? தோற்றவர்கள் தங்கள் தரப்பையும் கேட்டார்கள் என்று நம்பினால்தான் அந்தப் பட்டியல் நிற்கும். இணைப்புக்குக் கையெழுத்துப் போடும் முன்பே இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினால் என்ன? எல்லாம் முடிந்த பிறகு நோட்டீஸ் போர்டில் ஒட்டினால், எங்கள் வீடு மாதிரி எத்தனையோ வீடுகளில் முன்பின் தெரியாத ஒருவரைத் திட்டிக்கொண்டே சாப்பிடுவார்கள்.

போன வாரம் அந்த மனிதர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தது. அப்பா போகலாம் என்கிறார். நானும் போகிறேன். அவர் எப்படி இருப்பார் என்று பார்க்க வேண்டும்.