ஏரி வற்றும் காலத்தில் ஒரு பயணம்

நவரை நெல் வீடு வந்து சேர்ந்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் உள்ளவர்கள் சொர்ணவாரிக்கு நாற்று விட்டுவிட்டார்கள். ஏரியை நம்பிய நிலங்கள் மட்டும் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் சும்மா கிடக்கின்றன. செங்கல்பட்டு மாவட்டத்து விவசாயி ஊரைவிட்டு நான்கு இடம் போய்ப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.

வெளிநாடு போகவும் இதுதான் சமயம். இங்கே வயல் வெடித்துக் கிடக்கும் மே மாதத்தில்தான் ஜப்பானின் பல பகுதிகளில் நடவு நடக்கிறது. தட்டு நாற்றையும் நடவு இயந்திரத்தையும் வேலை நடக்கும்போதே பார்க்கலாம். அறுவடைக்குப் பிறகு போனால் கொட்டகையில் நிற்கும் இயந்திரத்தைத்தான் பார்க்க முடியும். தமிழக அரசின் 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில், முன்னோடி விவசாயிகள் 100 பேரை ஜப்பான், சீனா, வியட்நாம் நாடுகளுக்கு அழைத்துச் செல்லும் அறிவிப்பு இருந்தது. அந்த வாய்ப்பு எல்லோருக்கும் கிடைத்துவிடாது. கிடைக்காதவர்களுக்கு உள்ளூரிலேயே ஒரு நாள் பயணம் இருக்கிறது.

முதலில் வேடந்தாங்கல். நவம்பர் முதல் மார்ச் வரை பறவை பார்க்க வரும் கூட்டம் வைகாசியில் இருக்காது, தண்ணீரும் வற்றியிருக்கும். விவசாயி பார்க்க வேண்டியது இந்த வற்றிய ஏரியைத்தான். நீர்க்கடம்பு மரங்கள் அடிவரை தெரியும். மழைக்காலத்தில் அந்த மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் விழுந்து கலந்த தண்ணீர்தான் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கூடவே போகின்றன. யூரியா மூட்டை வருவதற்கு வெகுகாலம் முன்பே ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு 1798-ல் பாதுகாப்பு ஆணை வாங்கியவர்கள் அவர்கள். ராம்சார் பட்டியலில் இந்த ஏரி சேர்ந்தது 2022-ல்தான்.

சரணாலய ஏரியில் மண்ணைத் தொட முடியாது. வழியில் வற்றிக் கிடக்கும் மற்ற ஏரிகளில் இறங்கிப் பார்க்கலாம். கரை எங்கே இளகியிருக்கிறது, மதகு எவ்வளவு தூர்ந்திருக்கிறது, வண்டல் எத்தனை அடி என்பதெல்லாம் தண்ணீர் நிற்கும்போது தெரியாது. சொந்த ஊர் ஏரியில் வண்டல் எடுக்க வட்டாட்சியரிடம் மனு கொடுக்கவும் இதுவே காலம். மழை விழுந்தால் டிராக்டர் உள்ளே இறங்காது.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். கடலை நெருங்க நெருங்க சவுக்கும் தென்னையும் வரும். அந்த மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே ஏறும். கோடைக் கடைசியில் உப்பு அதிகமாகத் தெரியும் என்பதால், பாசன நீரை ஆய்வுக்கு எடுக்க வைகாசியே ஏற்றது. ஐப்பசி மழைக்குப் பிறகு எடுத்த மாதிரியை நம்பிக் கன்று நட்டால், அடுத்த கோடையில் இலை நுனி கருகும்.

அக்னி நட்சத்திரத்தில் மாமல்லபுரத்துப் பாறைகள் கால் வைக்க விடாது. மாலை 4 மணிக்கு மேல் கடற்காற்றோடு போவது நல்லது. கிருஷ்ண மண்டபத்தில், பல்லவர் காலச் சிற்பத்தில் ஒருவர் பால் கறக்கிறார். பசு கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. கன்று முன்னால் நின்றால்தான் பால் சுரக்கும் என்பது அந்தச் சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது. கடற்கரைக் கோயிலுக்கு விரையும் கூட்டம் இங்கே அதிக நேரம் நிற்பதில்லை. மாடு வைத்திருப்பவர்கள் நிற்பார்கள்.