திறக்காத கியர் பொக்ஸ்

“அண்ணை, கியர் பொக்ஸ் போச்சு.”

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் முற்றத்துத் தகரக் கூரையின் கீழ் இயங்குகிறது அந்தக் கராஜ். பழைய ஸ்ப்ளெண்டர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர் வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொதி கொண்டு கொடுக்கும் இளைஞர். அக்சிலேட்டரைத் திருகினால் முதலில் ‘டக்’ என்று ஒரு அடி, பிறகுதான் வண்டி நகர்கிறதாம். வேகம் பிடித்தால் கறகறவென்று சத்தமாம். அறுபதை நெருங்கும் மெக்கானிக் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். “பொறும் தம்பி. வெளியில இருக்கிறதை முதல் பாப்பம்.”

அவர் அவசரப்படாததற்குக் காரணம் இருக்கிறது. இந்த வகை வண்டியில் கியர்களைத் தொட வேண்டுமென்றால் எஞ்சினைக் கழற்றி இறக்கி, அதன் உடலையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். வண்டி சில நாட்கள் கராஜில் கிடக்கும். அந்த நாட்களில் இளைஞருக்கு உழைப்பு இல்லை. கியர் பொக்ஸ் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு வரும் வண்டிகள் பலவற்றில் கியர் பொக்ஸ் நன்றாகவே இருக்கிறது என்பதை நான் போன கராஜ்களில் திரும்பத் திரும்பக் கண்டேன். செயின், பற்சக்கரம், கிளச் கேபிள், ஒயில் என்று பழுது வேறெங்காவது இருக்கும். திறக்காமலே அதைப் பிடிப்பவரைத் தேடித்தான் ஆட்கள் வருகிறார்கள்.

ஸ்ப்ளெண்டரின் செயின் முழுவதும் உறைக்குள் இருக்கிறது. மழையும் மணலும் அண்டாது. உரிமையாளரின் கண்ணிலும் அது படாது. மெக்கானிக் உறையிலிருந்த இறப்பர் மூடியைக் கழற்றி, ஒரு விரலை உள்ளே விட்டுச் செயினை மேலும் கீழும் அசைத்தார். சில்லைக் கொஞ்சம் சுழற்றி மறுபடி அசைத்தார். ஓரிடத்தில் செயின் விறைப்பாக நின்றது, இன்னோரிடத்தில் தொய்ந்து உறையில் முட்டியது. ஒரே சீராகத் தேயாத செயினுக்கு இதுவே அடையாளம். தொய்ந்த இடத்தை வைத்து இறுக்கினால் விறைத்த இடம் பேரிங்கை இழுக்கும். விறைத்த இடத்தை வைத்துத் தளர்த்தினால் கறகறப்பு போகாது.

உறையைக் கழற்றியதும் அளவு எடுத்தார். செயினில் இரும்புத் தகடு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஊசியும் அதைச் சுற்றிய குழலும் தேய்ந்து, மயிரிழை மயிரிழையாக இடைவெளி கூடுகிறது. 428 வகைச் செயினில் ஊசிக்கு ஊசி 12.7 மில்லிமீற்றர். செயினை இழுத்துப் பிடித்து 21 ஊசிகளை எண்ணி, முதல் ஊசியின் நடுவிலிருந்து கடைசி ஊசியின் நடுவரை அளந்தால் புதியதில் 254 மில்லிமீற்றர் வரும். 259ஐத் தொட்டால் 2 சதவீதம் கூடிவிட்டது, மாற்ற வேண்டியதுதான். இது 260ஐத் தாண்டியிருந்தது. முன் பற்சக்கரத்தின் பற்கள் சுறாச் செட்டை போல ஒரு பக்கம் வளைந்திருந்தன. பின் பற்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால், சில்லு அசையாமல் அது மட்டும் ஆடியது. சில்லின் குடத்துக்குள் அதிர்வைத் தாங்கும் இறப்பர்கள் நைந்துபோயிருந்தன. ‘டக்’ அங்கிருந்துதான் வந்தது.

விசாரித்தால், முன்னொரு தடவை காசை மிச்சம் பிடிக்கச் செயினை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். தேய்ந்த பல்லின் மேல் புதுச் செயினைப் போட்டால் அந்தப் பல் புதுச் செயினையும் தின்றுவிடும். ஹான்ஸ் ரெனோல்ட் 1880இல் மான்செஸ்டரில் உருளைச் செயினுக்குக் காப்புரிமை எடுத்த காலம் தொட்டு அந்தப் பொறியின் இயல்பு இதுதான். கண்ணியும் பல்லும் ஒன்றுக்கொன்று ஒத்துத் தேய்கின்றன. ஆகவே செயினையும் இரண்டு பற்சக்கரங்களையும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். இறப்பர்களையும் மாற்றி, கடைசியில் செயின் லொக்கை மாட்டும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கிறதா என்று இரண்டு தடவை குனிந்து பார்த்தார். திருப்பி மாட்டினால் எதிலாவது தட்டுப்பட்டு லொக் கழன்றுவிடும். கியர் பொக்ஸில் அவர் கை வைக்கவேயில்லை.

கிளச்சும் இப்படித்தான் ஆளை ஏமாற்றும். எஞ்சின் அலறியும் வண்டி வேகம் எடுக்காவிட்டால் கிளச் தட்டுகள் தேய்ந்திருக்கக்கூடும். கேபிள் தளர்ந்தால் கிளச் முழுதாக விடுபடாது. சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் விழாது, கியர் உராயும். அதைச் சரிசெய்ய ஒரு ஸ்பானரும் சில நிமிடங்களும் போதும். இந்த வண்டிகளில் எஞ்சினுக்கும் கிளச்சுக்கும் கியருக்கும் சேர்த்து ஏறத்தாழ ஒரு லீற்றர் ஒயில்தான். உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த கார் ஒயிலை ஊற்றினால் கிளச் வழுக்கத் தொடங்கும். மோட்டார் சைக்கிள் கிளச்சுக்கு ஏற்ற ஒயில் என்பதைக் காட்டும் ‘ஜாசோ எம்ஏ’ குறி போத்தலில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கும்படி மெக்கானிக்குகள் வாய் வலிக்கச் சொல்கிறார்கள்.

கொட்டாஞ்சேனையில் உண்மையிலேயே உள்ளே பழுதான ஒரு பல்சரைப் பார்த்தேன். இரண்டாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறது என்பது முறைப்பாடு. தமிழும் சிங்களமும் மாறி மாறிப் பேசும் மெக்கானிக், ஒல்லாந்தர் 1757இல் கட்டி முடித்த வுல்ஃபெண்டால் தேவாலயம் நிற்கும் மேட்டுக்கு வண்டியை எடுத்துப் போனார். சமதரையில் பிடித்து நின்ற கியர், ஏற்றத்தில் சுமை விழுந்ததும் கழன்றது. திரும்பி வந்து ஒயிலை இறக்கித் துணியில் வடித்தார். சாம்பல் நிறச் சேறு எல்லா வண்டியிலும் இருக்கும். காந்தத்தை ஓட்டியபோது ஒட்டிய கூரான இரும்புத் துணுக்கு ஒன்றுதான் அவர் முகத்தை மாற்றியது. “இது பிரிக்கத்தான் வேணும்,” என்றார்.

பிரித்த பின் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கியர்கள் எப்போதும் ஒன்றோடொன்று பிணைந்தே சுழல்கின்றன. காலால் நாம் மிதிக்கும்போது, கவை வடிவப் போர்க் ஒன்று கியரைப் பக்கவாட்டில் தள்ள, அதன் பக்கத்து முட்டுகள் அடுத்த கியரில் கொளுவுகின்றன. அந்த முட்டுகளின் விளிம்பு கூர்மையாக இருக்கும்வரை சுமை ஏற ஏற அவை இறுகும். விளிம்பு மழுங்கிவிட்டால் அதே சுமை அவற்றைத் தள்ளிப் பிரிக்கும். போர்க்கின் நுனியும் தேய்ந்து, சூட்டில் நீலம் பாரித்திருந்தது. கிளச்சை முழுதாகப் பிடிக்காமல் கியர் மாற்றியதும், ஓடும்போது காலைக் கியர் மிதியிலேயே வைத்திருந்ததும் காரணமாக இருக்கலாம் என்றார் அவர்.

சாமான் கிடைப்பதே கேள்விக்குறியான காலத்தை இந்த மெக்கானிக்குகள் தாண்டி வந்திருக்கிறார்கள். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியபோது உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. அந்த ஆண்டு எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று தொடங்கினார்கள். பஞ்சிகாவத்தைக் கடைகளில் பாவித்த கியர்களைக் கிளறித் தேடி, விளிம்பை விரலால் தடவிப் பார்த்து வாங்கிய நாட்களை இருவருமே சொன்னார்கள். எதை மாற்றாமல் விடலாம் என்று தீர்மானிக்கும் அறிவு அப்போது பல குடும்பங்களின் உழைப்பைக் காப்பாற்றியது.

ஆனால் அந்த அறிவுக்குப் பில்லில் இடமில்லை. வெள்ளவத்தை மெக்கானிக் எழுதிக் கொடுத்த துண்டில் செயின் செட், இறப்பர், கூலி என்று மூன்று வரிகள் மட்டுமே இருந்தன. விரலை விட்டு, சுழற்றி, அளந்து, பழுதைப் பிடித்த நேரத்துக்கு ஒரு சதமும் இல்லை. கேட்டால், “பாத்ததுக்கு எப்பிடிக் காசு வாங்குறது?” என்கிறார். வாங்கத்தான் வேண்டும். தேவையில்லாமல் எஞ்சினைப் பிரித்திருந்தால் அந்த இளைஞர் இழந்திருக்கக்கூடிய நாட்களோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை. தொழிலில் பழகியே தேறியவர்களைச் சோதித்துத் தேசிய தொழிற் தகைமை (என்விகியூ) சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் இருக்கிறது. ஒழுங்கைக் கராஜ்களில் இருப்பவர்களை அது தேடி வர வேண்டும். பில்லில் நான்காவது வரியாகப் ‘பழுது பார்த்தறிந்த கூலி’ என்று எழுதும் துணிவு அவர்களுக்கு வரட்டும். அதைக் கேள்வி கேட்காமல் கொடுக்க வேண்டியவர்கள் வண்டி ஓடும் நாம்.