பதினேழு வயதுக்குள்

2022ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் இரவு. புவனேசுவரத்தின் கலிங்கா விளையாட்டரங்கில் இந்தியச் சிறுமியர் பதினொருவர் வரிசையாக நின்று நாட்டுப்பண் பாடிக்கொண்டிருந்தனர். நான் வீட்டில் தொலைக்காட்சியின்முன் அமர்ந்திருந்தேன். பதினேழு வயதுக்குட்பட்ட மகளிருக்கான உலகக்கோப்பைக் கால்பந்துப் போட்டியின் தொடக்க நாள் அது. ஃபிஃபா நடத்தும் மகளிர் உலகக்கோப்பைகளில், எந்த வயதுப் பிரிவிலும், இந்திய அணியொன்று களமிறங்கியது அதுவே முதன்முறை. எதிரே நின்றது அமெரிக்கா.

ஒன்பதாம் நிமிடத்தில் முதல் கோல் விழுந்தது. இடைவேளைக்குள் ஐந்து. 62ஆம் நிமிடத்தில் எட்டாவது கோல். அதை அடித்த மியா பூட்டா இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர் என்று வருணனையாளர் சொன்னபோது எனக்குச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. நம் சிறுமியர் பந்தைத் தொட்ட நேரத்தைவிடப் பந்தைத் துரத்திய நேரமே அதிகம். எட்டுக்குச் சுழியம் என்று ஆட்டம் முடிந்தது. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு நெடுநேரம் உறங்காமல் இருந்தேன். வருத்தத்தைவிடச் சினமே என்னிடம் மிகுந்திருந்தது. இவர்கள் தகுதிச்சுற்றில் வென்று வந்தவர்கள் அல்லர். போட்டியை நடத்தும் நாடு என்ற உரிமையால் இடம்பெற்றவர்கள். ஆயத்தமில்லாத பிள்ளைகளை உலகத்தின்முன் நிறுத்தி அவமானப்படுத்தலாமா என்பதே என் கேள்வி.

அடுத்த ஆட்டங்களும் அந்தக் கேள்வியை மாற்றவில்லை. மொராக்கோவிடம் சுழியத்துக்கு மூன்று; பிரேசிலிடம் சுழியத்துக்கு ஐந்து. மூன்று ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 16. அடித்த கோல் ஒன்றுமில்லை. அந்த அணியின் உலகக்கோப்பை வரலாறு அவ்வளவுதான் என்று எழுதி மூடிவிடலாம். பலர் மூடியும் விட்டனர். நானும் மூடியிருப்பேன், ஆனால் அந்த இரவின் சினம் என்னை விடவில்லை. அந்த அணி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, என் சினத்தில் பாதிக்குமேல் அறியாமை என்பது விளங்கிற்று.

இந்தியாவில் மகளிர் கால்பந்து நேற்று முளைத்ததன்று. 1975இல் மகளிர் கால்பந்துக்கென்று தனியே ஒரு கூட்டமைப்பு தோன்றியது. 1980இல் கோழிக்கோட்டிலும், 1983இல் பாங்காக்கிலும் நடந்த ஆசியப் போட்டிகளில் இந்திய மகளிர் இறுதி ஆட்டம்வரை சென்று இரண்டாமிடம் பெற்றனர். ஆசியாவில் இரண்டாமிடம்! இன்று அதை நினைவுகூர்வோர் சிலரே. பின்னர் 1990களின் தொடக்கத்தில் பொறுப்பு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பிடம் வந்தது. ஆட்டங்கள் அருகின. 2009இல் மூத்தோர் மகளிர் அணியின் பெயரே உலகத் தரவரிசைப் பட்டியலிலிருந்து நீங்கியது. தோற்றதால் அன்று, நெடுங்காலம் ஒரு பன்னாட்டு ஆட்டமும் ஆடாததால். தோற்பதற்கும் முதலில் ஆட வேண்டும் அல்லவா?

மூத்தோர் நிலை இதுவெனில் இளையோர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிய அளவில் பதினேழு வயதுக்குட்பட்ட மகளிர் போட்டி முதன்முதலில் தென்கொரியாவில் 2005இல் நடந்தபோது இந்தியா பங்கேற்றது. அதன்பின் அந்தப் போட்டியின் இறுதிச்சுற்றுக்குள் நுழையாமலே ஆண்டுகள் கழிந்தன. உலக அளவில் இதே வயதினருக்கான கோப்பை 2008இல் நியூசிலாந்தில் தொடங்கி, ஈராண்டுக்கு ஒருமுறை நடந்துவந்தது. அந்தத் தொலைவான மேடைக்கு இந்தியச் சிறுமியரை அழைத்துச் செல்ல இருந்த ஒரே குறுக்குவழி, மேடையையே இங்குக் கொண்டுவருவது. 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அது நிகழ்ந்தது. 2020ஆம் ஆண்டு உலகக்கோப்பையை நடத்தும் வாய்ப்பு இந்தியாவுக்குக் கிடைத்தது. சுவீடன் நாட்டைச் சேர்ந்த தாமஸ் டென்னர்பி பயிற்றுநராக வந்தார். நாடெங்கிலுமிருந்து சிறுமியர் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

இங்கே இளையோர் அணியின் தனித்தன்மை ஒன்றைச் சொல்ல வேண்டும். மூத்தோர் அணியில் இடம்பெறும் ஒருவர், உடல் ஒத்துழைக்கும்வரை பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆடலாம். இந்த முறை தோற்றால் அடுத்த முறை என்று ஆறுதல் கொள்ளலாம். இளையோர் அணியில் அடுத்த முறை என்பதே இல்லை. 2020ஆம் ஆண்டுப் போட்டியில் ஆட 2003ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்திருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டுப் போட்டிக்கு அந்த எல்லை 2005ஆம் ஆண்டு சனவரி முதல் நாள். திறமை எவ்வளவு இருப்பினும், ஒருநாள் முந்திப் பிறந்தவருக்கு அங்கே இடமில்லை. எதிரணியைவிடக் கடுமையான எதிரி நாட்காட்டிதான்.

அந்த எதிரி 2020இல் நோயைத் துணைக்கு அழைத்துக்கொண்டது. கொரோனா பரவிய அந்த ஆண்டில் பயிற்சி முகாம் கலைந்தது. சிறுமியர் அவரவர் ஊர்களுக்குத் திரும்பினர். 2020 நவம்பரில் நடக்கவிருந்த போட்டி முதலில் 2021 பிப்ரவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பிறகு நவம்பர் 17ஆம் நாள் அறவே கைவிடப்பட்டது. அதற்கு ஈடாக 2022ஆம் ஆண்டுப் போட்டியை இந்தியாவுக்கு வழங்குவதாக ஃபிஃபா அறிவித்தது. நாட்டுக்கு ஈடு கிடைத்தது. 2003இலும் 2004இலும் பிறந்த சிறுமியருக்கு என்ன ஈடு? அவர்கள் இரண்டு ஆண்டுகள் ஓடினர், பயின்றனர், வீட்டை விட்டு விலகியிருந்தனர். ஒரு நிமிட ஆட்டமும் ஆடாமல் அவர்களுடைய வயது கடந்துபோயிற்று. இழப்பு அவர்களுக்கு மட்டுமன்று. உலகெங்கும் அந்த ஈராண்டுகளில் பிறந்த வீராங்கனையர் அனைவர்க்கும் அதே கதிதான். இருப்பினும், சொந்த மண்ணில், சொந்த மக்கள் முன்னிலையில் ஆடும் வாய்ப்பை இழந்தவர்கள் இந்தியச் சிறுமியர் மட்டுமே.

கலிங்கா அரங்கில் நான் பார்த்த அணி, அவர்களுக்குப் பின் வந்த அணி. 2020இல் பதினான்கு, பதினைந்து வயதில் ஊரடங்குக்குள் இருந்தவர்கள் அவர்கள். கூட்டாகப் பந்தைக் கடத்திப் பழக வேண்டிய வயதில் பள்ளிகளும் திடல்களும் மூடிக்கிடந்தன. 2022இல்தான் ஜாம்ஷெட்பூரில் முகாம் அமைத்து முழுமூச்சாகப் பயின்றனர். இத்தாலி, நார்வே, ஸ்பெயின் நாடுகளுக்குச் சென்றுவந்தனர். சில மாதப் பயிற்சி அது. அமெரிக்கச் சிறுமியரோ ஆறேழு வயதிலிருந்தே குழுக்களாக ஆடிப் பழகும் நாட்டில் வளர்ந்தவர்கள்.

நாட்காட்டியும் நோயும் போதாவென்று நிர்வாகமும் தன் பங்குக்கு ஒரு தடை போட்டது. போட்டிக்கு இரண்டு மாதங்களே இருந்த ஆகஸ்டு நடுவில், வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. திட்டமிட்டபடி இந்தியாவில் உலகக்கோப்பை நடைபெற இயலாது என்றும் அறிவித்தது. ஆகஸ்டு 26ஆம் நாள் அந்தத் தடை நீங்கியது. பெரியவர்களின் வழக்குகளுக்கு அவை பதினொரு நாள்கள் மட்டுமே. பதினேழு வயதின் விளிம்பில் நின்றுகொண்டு, இன்னொரு முறையும் போட்டி கைநழுவிப் போகுமோ என்று காத்திருந்தவர்களுக்கு அவை எத்தகைய நாள்களாக இருந்திருக்கும்!

அணியின் இருபத்தொருவரில் பெரும்பாலோர் மணிப்பூர், ஜார்க்கண்ட், ஹரியானா மாநிலத்தவர். ஜார்க்கண்டிலிருந்து மட்டும் ஆறு பேர். அவர்களுள் ஒருவரான அஸ்தம் ஓராவோன்தான் அணித்தலைவி. கும்லா மாவட்டத்தின் ஒரு சிற்றூர் அவருடையது. மகள் நாட்டுக்குத் தலைமையேற்கிறாள் என்ற செய்தி வந்தபின் அவ்வூருக்குச் சாலை போடத் தொடங்கினர். அந்தச் சாலைப் பணியில் நாட்கூலிக்கு வேலை செய்தவர்களுள் அவருடைய பெற்றோரும் இருந்தனர். வீட்டில் தொலைக்காட்சி இல்லை. மகளின் ஆட்டத்தைக் காண்பதற்காக மாவட்ட நிர்வாகம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தது. மகளின் பெயரால் வந்த சாலைக்குத் தாயும் தந்தையும் மண் சுமந்த அந்தக் காட்சியை நாளிதழ்கள் நெகிழ்ச்சியான செய்தியாக வெளியிட்டன. எனக்கு நெகிழ்ச்சியைவிட நாணமே மிகுந்தது. ஒரு சிற்றூருக்குச் சாலை வர, அவ்வூர்ப் பெண் இந்திய அணியின் தலைவியாக வேண்டியிருந்தது.

இவ்வளவும் படித்தபின் அந்த மூன்று ஆட்டங்களின் பதிவுகளையும் மீண்டும் பார்த்தேன். இம்முறை கோல்களை மட்டும் பார்க்கவில்லை. அமெரிக்காவுடனான ஆட்டத்தில் 62ஆம் நிமிடத்துக்குப்பின் இன்னும் அரைமணி நேர அளவு ஆட்டம் மிச்சமிருந்தது. எட்டு கோல் வாங்கிய அணிக்கு அந்த அரைமணி எவ்வளவு நீளமானது! கால்கள் சோர்ந்து, மனம் உடைந்து, இன்னும் நான்கைந்து கோல்கள் விழுந்திருக்க வேண்டும். ஒன்றும் விழவில்லை. மூன்று நாள் கழித்து மொராக்கோவுடன் ஆடிய ஆட்டத்தில், இடைவேளைவரை இரு பக்கமும் கோல் இல்லை. மொராக்கோவும் நம்மைப் போலவே முதன்முறையாக அந்தக் கோப்பைக்கு வந்த அணிதான். ஆனால் ஆப்பிரிக்கத் தகுதிச்சுற்றைக் கடந்து வந்த அணி. ஐம்பத்தொன்றாம் நிமிடத்தில் ஒரு பெனால்டியால்தான் அவர்கள் முதல் கோலைப் பெற முடிந்தது. எட்டு கோல் வாங்கி மூன்றே நாளில் ஓர் அணி இப்படித் திரும்பி நின்றதை அன்றைக்கு நான் ஏன் காணவில்லை? மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு விடைத்தாளைப் பார்க்காத ஆசிரியரைப் போல இருந்திருக்கிறேன்.

எட்டு கோல் அடித்த அமெரிக்காவும் காலிறுதியில் நைஜீரியாவிடம் பெனால்டி முறையில் தோற்று வெளியேறியது. நவி மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தில் கொலம்பியாவை ஒரே கோலில் வென்று ஸ்பெயின் கோப்பையைக் கைக்கொண்டது. அந்த ஒரு கோலும் கொலம்பிய வீராங்கனை ஒருவரின் காலில் பட்டுத் தம் வலைக்குள்ளேயே சென்ற பந்து. உலகின் தலைசிறந்த அணிகளையும் பதினேழு வயதின் பதற்றம் விட்டுவைப்பதில்லை.

2022ஆம் ஆண்டு அணி அத்துடன் கலைந்தது. கலைவதுதான் இளையோர் அணியின் இயல்பு. அடுத்து வந்தவர்களுக்குப் போட்டி நடத்தும் நாடு என்ற சலுகை இல்லை. வாசல்கள் அனைத்தையும் தாமே தட்டித் திறக்க வேண்டியிருந்தது. 2025இல் அவை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. சூலையில் மூத்தோர் அணி தாய்லாந்தை அதன் மண்ணிலேயே வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. ஆகஸ்டில் இருபது வயதுக்குட்பட்டோர் அணி, யாங்கூனில் மியன்மாரை ஒரு கோலால் வென்று, 2006க்குப்பின் முதன்முறையாக ஆசியப் போட்டியின் இறுதிச்சுற்றுக்குள் நுழைந்தது.

பதினேழு வயதுக்குட்பட்டோரின் முறை அக்டோபரில் வந்தது. இடம், கிர்கிசுத்தான் நாட்டின் பிஷ்கேக் நகரம். குழுவில் மூன்றே அணிகள். ஒன்றுக்கு மட்டுமே ஆசியக் கோப்பையில் இடம். கிர்கிசுத்தானை இரண்டுக்கு ஒன்று என்று இந்தியா வென்றிருந்தது. உஸ்பெகிஸ்தானோ அதே அணியை மூன்று கோலால் வென்றிருந்தது. கோல் கணக்கில் பின்தங்கியிருந்ததால் இந்தியாவுக்குச் சமன் போதாது. வென்றே ஆக வேண்டும். அக்டோபர் 17ஆம் நாள் ஆட்டத்தில் முதல் கோலை உஸ்பெகிஸ்தான் அடித்தது. அந்தச் செய்தியைக் கைப்பேசியில் கண்டவுடன் பழைய இரவு என் நினைவுக்கு வந்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இடைவேளைக்குச் சற்றுமுன் தண்டாமணி பாஸ்கே என்னும் வீராங்கனை மாற்றாளாகக் களத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறார். 55ஆம் நிமிடத்தில் அவர் சமன் செய்தார். 66ஆம் நிமிடத்தில் அவர் தந்த பந்தை அனுஷ்கா குமாரி வலைக்குள் செலுத்தினார். எஞ்சியிருந்த நேரம் ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடங்கள். அந்த நேரம் முழுவதும் நம் சிறுமியர் தங்கள் எல்லையைக் காத்து நின்றிருக்கின்றனர். இவை எதுவும் எனக்கு அப்போது தெரியாது. ஆட்டம் முடிந்து வெகுநேரம் கழித்து, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு கைப்பேசியைத் திருப்பினேன். திரையில் ஒரே வரி: இந்தியா 2, உஸ்பெகிஸ்தான் 1.