காய்ச்சலும் பாய்ச்சலும்

சித்திரை 27

நேற்று சாயந்திரம் ஆரியங்காவுக் கணவாய்ப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. இடி மின்னலோடு ஒரு பாட்டம் மழை. பங்குனியில் வெடித்துக் கிடந்த மண் முழுக்கக் குடித்துவிட்டது. காலையில் மழை லில்லித் தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இன்னும் ஒன்றும் தெரியவில்லை, தெரிகிற நேரமும் இல்லை. மழை விழுந்து நாலைந்து நாள் போகவேண்டும்.

எதிர்வீட்டு மைனி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "பூவு எப்போ மைனி?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் வரும் என்றேன்.

சித்திரை 31

வந்துவிட்டது. முதலில் ரோசியா. விடிகாலையில் மொட்டு, எட்டு மணி வெயிலில் விரிந்த பூ. கியூபா தீவுப் பக்கத்துச் செடி இது. தென்காசி, செங்கோட்டை, புனலூர் எங்கே போனாலும் பழைய வீடுகளின் நடைபாதை ஓரத்தில் பார்க்கலாம். ஒரு தண்டுக்கு ஒரு பூ. தண்டை ஒடித்தால் உள்ளே கூடு. மொட்டை மூடியிருந்த சிவந்த தாள் மாதிரிச் சவ்வு பூவுக்குக் கீழே சுருங்கி நிற்கிறது. அழுத்தமான ரோஜா நிறத்தில் ஆறு இதழ்கள். அடித்தொண்டையில் மட்டும் பச்சை. அந்தப் பச்சையைப் பார்க்கக் குனிய வேண்டும். குனிந்து பார்க்காதவர்களுக்கு இது சும்மா ஒரு ரோஸ் பூ.

பெரிய இளஞ்சிவப்பான கரினேட்டா மத்தியானத்துக்குள் விரிந்தது. மஞ்சளான சிட்ரினா நாளைக்கு. வெள்ளை கேண்டிடாவில் இலைதான், அதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன.

குழாய்த் தண்ணீருக்குப் பூக்காது, இடி மழைக்குத்தான் பூக்கும் என்று தெருவில் சொல்கிறார்கள். இடிக்கு அதில் பெரிய வேலை இருப்பதாக நான் நினைக்கவில்லை. மண் நன்றாகக் காய்ந்து, கிழங்கு அடங்கிக் கிடந்து, பிறகு ஒரேயடியாகக் குளிர்ந்து நனைய வேண்டும். நெல்லுக்குச் சொல்கிற காய்ச்சலும் பாய்ச்சலும்தான் இதற்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுகிற வீட்டில் காய்ச்சலே கிடையாது. அங்கே இலை மட்டும் செழிப்பாக இருக்கும்.

வைகாசி 11

வெயில் மீண்டும் ஏறிவிட்டது. தார்சாவில் உட்கார்ந்து ஸ்னோடிராப் பற்றிப் படித்தேன். மழை லில்லியின் ஒன்றுவிட்ட சொந்தம் அது. வில்லியம் ஹெர்பர்ட் என்ற ஆங்கிலப் பாதிரியார்தான் 1821-ல் மழை லில்லிப் பேரினத்துக்கு ஸெஃபிரான்தஸ் என்று பெயர் வைத்தவர். 1837-ல் இந்தக் கிழங்குக் குடும்பம் முழுவதற்கும் சேர்த்துப் பெரிய நூல் ஒன்றும் எழுதினார். மழை லில்லி, ஸ்னோடிராப், விஷமூங்கில் எல்லாம் அந்த ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

ஸ்னோடிராப் இங்கே வராது. வாரக்கணக்கில் குளிர் தாக்கினால்தான் அந்தக் கிழங்குக்குள் பூத்தண்டு நீளும். நம் மார்கழிக் குளிர் அதற்குக் காணாது. இங்கிலாந்தில் ஜனவரி, பிப்ரவரியில், பல இடங்களில் பனி கிடக்கும்போதே பூத்துவிடுகிறது. தலை கவிழ்ந்த வெள்ளைப் பூ. வெளியே மூன்று பெரிய இதழ், உள்ளே மூன்று சின்ன இதழ், சின்னதில் ஒரு பச்சைக் குறி. காட்டு இனங்கள் 20 சொச்சம்தான். தோட்டக்காரர்கள் பிரித்துப் பெயர் வைத்த வகைகளோ ஆயிரக்கணக்கில். பச்சைக் குறி சற்று அகலம், சற்று மஞ்சள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தனி வகை. 2022-ல் 'கோல்டன் டியர்ஸ்' என்ற மஞ்சள் சாயல் வகையில் ஒற்றைக் கிழங்கு 1,850 பவுண்டுக்கு ஏலம் போயிருக்கிறது.

அந்தப் பித்து எனக்கு நன்றாகப் புரிகிறது. தொண்டைப் பச்சையைப் பார்க்கக் குனிகிறவளுக்குப் புரியாமல் இருக்குமா? விலைதான் மனதுக்கு ஒட்டவில்லை. இந்த ஆசைக்காகத் துருக்கி மலைகளில் காட்டுக் கிழங்கை லட்சக்கணக்கில் தோண்டி ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். அதனால்தான் 1990-ல் காட்டுயிர் வணிகத்துக்கான சர்வதேச உடன்படிக்கையில் ஸ்னோடிராப் இனங்களைச் சேர்த்தார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்ட முடியாது.

ஆனி 14

சாரல். குற்றாலப் பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிறதாம், குளிக்கத் தடை. ஐந்தருவியிலும் அப்படியே. ஊர் முழுக்க வெளியூர் வண்டிகள், சூடாக நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிற எண்ணெய் வாசம், துண்டைத் தலையில் போட்டு நடக்கிற கூட்டம். மேல்காற்று கணவாய் வழியாகத் தண்ணீரைத் தூவிக்கொண்டே இருக்கிறது. துணி காய்ந்து நாளாகிறது.

லில்லித் தொட்டிகளில் ஒரு பூ இல்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைத்தான் நம்ப மறுக்கிறார்கள். "மழை லில்லின்னு பேரு, இவ்வளவு மழையில ஏன் பூக்கல?" சாரல் என்பது பாய்ச்சல் மட்டும். இடையில் காய்ச்சல் இல்லை. கிழங்கு இந்த நாட்களில் இலையை விட்டு, பக்கக் கிழங்கு கட்டி, தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. அருவியை நிறைக்கிற பருவம் இந்தச் செடிக்கு வயிறு நிறைகிற பருவம், அவ்வளவுதான். மதுரையிலோ சென்னையிலோ வளர்ப்பவர்கள் எழுதியதைப் படித்து இங்கே வளர்க்க முடியாது. குற்றாலத்தின் மழைக்கு என்று தனிக் கணக்கு வேண்டும்.

ரோசியா, சிட்ரினா இரண்டிலும் பாதித் தொட்டிகளை ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே நகர்த்தினேன். தண்ணீர் கிடையாது. ஆடிப்பெருக்கு வரை பட்டினி.

ஆடி 6

புழு வந்துவிட்டது. லில்லிப் புழு, அந்துப்பூச்சியின் குட்டி. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி வரிசை, இடையிடையே செம்மஞ்சள் புள்ளி. பார்க்க அழகுதான். இலையின் நுனியிலிருந்து தொடங்கி அடிவரை தின்றுவிட்டு, கிழங்கின் கழுத்துக்குள்ளும் இறங்கிவிடும். காலை ஏழு மணிக்குள் கூட்டமாக ஒரே இலையில் இருக்கும். அப்போது இலையோடு கத்தரித்துச் சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டால் முடிந்தது. வெயில் ஏறினால் பிரிந்துபோகும், பிறகு தேட வேண்டும். இலையின் அடியில் உருண்டையான முட்டைகள் நெருக்கமாக ஒட்டியிருக்கின்றன. விரலால் வழித்தாலே போதும். மருந்து அடிக்க எனக்கு மனமில்லை. பக்கத்திலேயே கறிவேப்பிலை, அதைத் தினமும் பறிக்கிறோம்.

வேலியில் நிற்கிற செங்காந்தளிலும் அதே புழு. லில்லியை மட்டும் பார்த்துவிட்டு அங்கே விட்டால் பத்தே நாளில் மறுபடி இங்கே வந்துவிடும்.

ஆடி 18

சாய்ப்புக்குக் கீழே இருந்த தொட்டிகளில் இலை மஞ்சளாகிச் சாய்ந்திருந்தது. இன்று ஆடிப்பெருக்கு. ஒவ்வொரு தொட்டியையும் கழுத்தளவு தண்ணீர் இருக்கிற அண்டாவில் இறக்கி, குமிழி அடங்குகிற வரை வைத்து எடுத்து வெளியில் வைத்தேன். நல்லவேளை, ராத்திரி கனமழையும் சேர்ந்துகொண்டது.

ஆடி 23

சிட்ரினா தொட்டி முழுக்க மஞ்சள். வெளியிலேயே நனைந்துகொண்டிருந்த அதே வகையில் ஒரு பூ இல்லை. இரண்டு தொட்டிகளையும் பக்கத்தில் வைத்து மைனியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாயைத் திறக்காமல் பார்த்துவிட்டு, சாயந்திரம் தன் வீட்டுத் தொட்டிகளைத் தூக்கிச் சாய்ப்புக்குள் வைத்தாள்.

ஆவணி 16

விதை. மூன்று அறை கொண்ட காய் வெடிக்கும்போது பிடிக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் காற்று கொண்டுபோய்விடும். கரிய, தட்டையான, தாள் மாதிரி விதைகள். காயவைத்துப் பத்திரப்படுத்துகிற விதை இல்லை இது, முளைப்பு சீக்கிரம் போய்விடும். ஒரு கிண்ணத் தண்ணீரில் மிதக்கவிட்டேன். வெள்ளை வேர் எட்டிப்பார்த்ததும் மணலும் செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்த தட்டில் படுக்க வைப்பேன். ஒன்றிரண்டு வருடத்தில் பூக்கும்.

சிட்ரினாவில் விதைக்குப் பஞ்சமில்லை. மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் பிள்ளைகள் பெரும்பாலும் தாயைப் போலவே வருகின்றன. இரண்டு நிறத்தைக் கலந்து புது வகை எடுக்க நினைப்பவர்கள் அதனால் சிட்ரினாவைத் தாயாக வைப்பதில்லை, மகரந்தத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கேண்டிடாவையும் சிட்ரினாவையும் சேர்த்து எடுத்த 'அஜாக்ஸ்' என்ற வெளிர்மஞ்சள் கலப்பு நூறு வருடத்துக்கும் மேலாக உலகத் தோட்டங்களில் இருக்கிறது.

பிரித்துப் போட்ட கிழங்குகளைப் பார்த்து மைனியின் மருமகள், "இது சின்ன உள்ளி மாதிரில்லா இருக்கு அத்தை" என்றாள். அதைத்தான் அவளிடம் அழுத்திச் சொன்னேன்: அடுப்படிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. இந்தக் குடும்பத்துக் கிழங்குகளில் லைக்கோரின் என்ற நஞ்சு உண்டு. தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும். ஆட்டையும் அண்ட விடக்கூடாது. இதே குடும்பத்தில்தான் மருந்தும் இருக்கிறது. 1950-களில் ஸ்னோடிராப்பிலிருந்து பிரித்தெடுத்த கேலந்தமின் பல்கேரியாவில் மருந்தானது. 2001-ல் அமெரிக்காவில் அல்சைமர் மறதி நோய்க்கு அனுமதி பெற்றது.

புரட்டாசி 20

கேண்டிடா. இதற்காகத்தான் வருடம் முழுக்கக் காத்திருக்கிறேன். தென் அமெரிக்காவின் லா பிளாட்டா ஆற்றுப் பக்கத்துச் செடி. மற்றதெல்லாம் தட்டை இலை, இது உருண்டு தடித்த கரும்பச்சை இலை, எந்த மாதத்திலும் முழுதாகக் காய்ந்துபோவதில்லை. வெயிலில் ஆறு வெள்ளை இதழும் அகல விரிந்து, நடுவில் ஆறு மஞ்சள் மகரந்தப் பை. மேகம் மூடினால் பூவும் மூடிக்கொள்ளும். ஸ்னோடிராப் வளர்க்கிறவர்களுக்கு என் தொட்டியை ஒரு நாள் காட்ட வேண்டும். கவிழாத, நிமிர்ந்து பார்க்கிற வெள்ளை.

கார்த்திகை 8

வேலியில் செங்காந்தள் எரிகிறது. நம் மாநில மலர், நம் மண்ணின் சொந்தக் கிழங்கு. விதைக்காக ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் தோட்டப் பயிராகவே போடுகிறார்கள். கொல்சிசின் என்ற மருந்துக்கு அது வேண்டும்.

குற்றாலத்துக்கு வந்த ஒருவர், செண்பகாதேவிக்கு மேலே காட்டில் நல்ல கிழங்குகள் இருக்கும், ஆள் வைத்து எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அது காப்புக்காடு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்த மலையின் செடிகளை மதிக்கத் தெரிந்தவர்கள் அவற்றை எழுதி வைத்த விதம் எனக்குத் தெரியும். 1830-களில் ராபர்ட் வைட் என்ற கம்பெனி மருத்துவர் குற்றாலத்தில் செடி திரட்டினார். அவருக்காக ரங்கையாவும் பிறகு கோவிந்துவும் வரைந்த படங்கள்தான் இன்றும் தென்னிந்தியச் செடிகளை அடையாளம் காண உதவுகின்றன. 1838 முதல் 1853 வரை வெளிவந்த அந்தத் தொகுதிகளில் 2,000-க்கு மேல் படங்கள். வைட்டின் பெயர் செடிப் பெயர்களில் வாழ்கிறது. ரங்கையா பெயர் சொன்னால் இந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டிய பெயர்.

காட்டைத் தோண்டுவதைவிடக் கொடுத்து வாங்குவது மேல். ஒரு வகையில் பத்துக் கிழங்கு இருக்கும்போது நாலை அக்கம்பக்கத்தில் கொடுத்து வைத்தால், என் தொட்டி அழுகினாலும் அந்த வகை ஊரில் எங்கோ இருக்கும். ஸ்னோடிராப்காரர்களும் பிடிவாதமாகச் செய்கிற காரியம் அது. சேகரிக்கிறவருக்குக் காடு தேவையே இல்லை, நாலு நல்ல அண்டை அயல் போதும்.

தை 9

மழை நின்று மண் உதிரியாக இருக்கிறது. நெருக்கிக்கொண்டிருக்கும் தொட்டிகளை மட்டும் கவிழ்த்துப் பிரித்தேன். லேசான நெருக்கம் பூவுக்கு நல்லது, எல்லாவற்றையும் கலைக்கக் கூடாது. கழுத்து மட்டும் வெளியே தெரிகிற ஆழத்தில் திரும்ப நட்டேன். மிச்சத்தைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, வகையும் நிறமும் எழுதி வைத்தேன். கடையநல்லூர் டீச்சருக்கு ரோசியாவும் கரினேட்டாவும். இலஞ்சிப் பெரியம்மைக்கு கேண்டிடா, அவர்கள் வீட்டுக் கிணற்றடி ஈரத்துக்கு அதுதான் தாங்கும். மைனி மருமகளுக்கு சிட்ரினா நாற்று ஒரு தட்டு. செங்கோட்டை அண்ணாச்சிக்குப் பார்சல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவரே வருகிறார், தாய்லாந்துக் கலப்பு ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கிழங்கு கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு ஒரு மண்தொட்டியைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன்.